கொல்லன் உலையில் ஒரு விஞ்ஞானப் பாடம்

கரும்பு வெட்டும் கத்தியானாலும் அடுப்படி அரிவாள்மணையானாலும் அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? சாணையில் என்போம். சாணை கூர்மையைத் தரும். அக்கூர்மையை நிலைக்கச் செய்வது 'தோய்ச்சல்'. தோய்ச்சல் குறைந்தால் கத்தி மழுங்கும். மிஞ்சினால் வேலை நடுவே சில்லாகத் தெறித்துக் கையைக் காயப்படுத்தும்.

எல்லா இரும்பும் தோய்ச்சலுக்கு ஏற்றதன்று. ஆணி, கட்டுக்கம்பி போன்ற மெதுவிரும்பில் கரி மிகக் குறைவு. எவ்வளவு தோய்த்தாலும் அது கடினமாகாது. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் சுமார் 0.6 சதவிகிதம் கரி உண்டு. அதனால்தான் கொல்லர் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்.

அடித்து உருவாக்கிய கத்தியைக் கரி உலையில் இட்டுத் துருத்தியால் ஊத வேண்டும். சுமார் 770 டிகிரி சென்டிகிரேடில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. ஆகவே ஒரு சிறு காந்தமே நமக்கு வெப்பமானி! அதற்குச் சற்று மேலே, சுமார் 820 டிகிரியில், கத்தி முழுதும் ஒரே சீராகக் கோவைப்பழச் சிவப்பில் ஒளிரும். நிறம் தெளிவாகத் தெரிய நிழலான இடமே நல்லது.

உடனே குறடால் எடுத்து, இளஞ்சூடான எண்ணெயில் நேராக அமிழ்த்த வேண்டும். காரணம் என்ன? மிகுந்த சூட்டில் கரி இரும்பினுள் கரைந்திருக்கும். மெல்ல ஆறினால் அது பிரிந்து விடும். திடீரென ஆறினால் பிரிய நேரமின்றி உள்ளேயே சிறைப்படும். அப்போது உண்டாகும் மிகக் கடினமான படிக அமைப்பை 'மார்ட்டன்சைட்' என்பர். இந்தப் பட்டையைத் தண்ணீரில் தோய்த்தால் அளவு மீறிய வேகத்தில் ஆறி, விரிசல் விடக்கூடும். தோய்ச்சல் சரியாக அமைந்தால் அரம் பற்றாமல் வழுக்கும்.

இத்துடன் வேலை முடியவில்லை. இப்போது கத்தி கண்ணாடிபோல் உடையும். அதன் அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கமாக மெல்லச் சூடு காட்டினால் நிறங்கள் ஓடிவரும். வைக்கோல் மஞ்சள் சுமார் 230 டிகிரி. நீலம் சுமார் 300. விளிம்பில் வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். கடினத்தில் சிறிது குறையும், உறுதி கூடும்.

எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது. இரும்பு மூடியால் மூட வேண்டும். கண்ணாடி அணிந்து, அனுபவமுள்ள பெரியவர் உடனிருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம்.

இக்கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் பழங்கால இரும்பு உலைகளின் சான்றுகள் கிடைத்தன. கொல்லரின் மகனாக 1791-இல் பிறந்த மைக்கேல் ஃபாரடே, 1819-இல் இந்திய 'ஊட்ஸ்' உருக்கை ஆராய்ந்தார். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் இன்றும் ஊரறிந்தது.

துருத்தி ஊதும் பெண்ணும் சம்மட்டி பிடிக்கும் பெண்ணும் நம் கொல்லர் குடும்பங்களில் உண்டு. நிறம் பார்த்துச் சூடறியும் அவர்களது கண்ணும் ஓர் ஆய்வுக்கூடமே. அடுத்த முறை பட்டறையைக் கடக்கும்போது, சற்று நின்று அந்தப் பாடத்தையும் கவனியுங்கள்!