வெள்ளத்தில் மூழ்கிய இஞ்சின்: சோதனையும் பழுது பார்த்தலும்

2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் தாமிரபரணிப் பாசனப் பிரதேசத்தில் பெய்த பெருமழையை அப்பகுதி விவசாயிகள் எளிதில் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மாத்திரம் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம், ஏரல் முதலிய ஊர்களைச் சுற்றி வாழையும் நெல்லும் நீரில் நின்றன. வயலில் தேங்கிய நீரை இறைத்து வெளியேற்ற இஞ்சின் அவசியமாயிருந்த அதே சமயத்தில் இஞ்சின்களும் நீருக்குள் கிடந்தன. வெள்ளம் சற்று வடிந்தவுடன் அநேகர் இஞ்சினை மேலாகத் துடைத்துவிட்டு, அன்றைக்கே கைப்பிடியை மாட்டிச் சுழற்றினார்கள். வெள்ளம் கெடுத்தவற்றைக் காட்டிலும் இந்த அவசரம் கெடுத்த இஞ்சின்களே அதிகம் என்பது அக்காலத்தில் பல கிராமங்களுக்கும் சென்று பார்த்த என் அபிப்பிராயம். பயிர் அழுகுகிறதே என்று பதறுகிறவரிடம் பொறுமை பேசுவது சுலபமல்ல. ஆயினும் ஒரு நாள் பொறுத்தால் ஓடக்கூடிய இஞ்சினை ஒரு நிமிஷ அவசரத்தால் ஒரு மாதம் பட்டறையில் போடும்படி நேருகிறதாகையால் இதைச் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறேன்.

இஞ்சினுக்குள் புகுந்த நீர் செய்யும் தீங்கு யாதெனில், அது அமுங்குவதில்லை. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. நம் கிணறுகளில் சாதாரணமாய்க் காணப்படும் 5 குதிரைசக்தி டீஸல் இஞ்சின் ஒன்றில் ஸிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டனின் வீச்சு 110 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பிஸ்டன் ஒரு வீச்சில் இழுக்கும் காற்று ஏறக்குறைய 553 கன சென்டிமீட்டர். அக்காற்று பதினேழரை பங்கில் ஒரு பங்காக நெருக்கப்படுமானால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேல் மீதியிருக்கும் இடம் 34 கன சென்டிமீட்டருக்கும் குறைவு. அதாவது குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கில் ஒன்றிரண்டு சங்களவே. அதற்கு மேல் ஒரு துளி நீர் அங்கே இருந்தாலும் பிஸ்டனால் உச்சிக்குப் போக முடியாது. பளுவான பிளைவீலோ தன் வேகத்தில் அதைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். நடுவில் அகப்பட்ட கனெக்டிங் ராடு வளைகிறது. ராடு வளையாவிட்டால் ஹெட் கேஸ்கட் கிழியும், அல்லது பிஸ்டன் விரிசல் விடும்.

ஆகவே மூழ்கிய இஞ்சினண்டை செல்லுகிறவர் முதன்முதல் கேட்கவேண்டிய கேள்வி, நீர் வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்பது. ஓடும்போதே நீரை உறிஞ்சி நின்றிருந்தால் ராடு வளைந்திருக்கிறதென்றே முதலில் சந்தேகிக்கவேண்டும். நின்ற நிலையில் மூழ்கியிருந்தால் உள்ளே எவ்வளவு நீர் நிறைந்திருந்தாலும் எதுவும் வளைந்திராது. துருப் பிடிக்குமுன் நீரை வெளியேற்றிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அடுத்த கேள்வி, நீர் வடிந்தபின் யாராவது சுழற்றிப் பார்த்தார்களா என்பது. இதற்கு உண்மையான விடை கிடைப்பது அரிது. சொந்தக்காரர் இல்லையென்பார், பண்ணையாள் தரையைப் பார்ப்பான். ஆனால் எண்ணெய் பொய் சொல்லாது.

எண்ணெயைச் சோதிக்கும் விதத்தைச் சொல்லுமுன், என் உத்தியோகத்தின் ஆரம்பக் காலத்தில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓடைக்கரைத் தோட்டமொன்றில் ஓரிரவு மூழ்கிக் கிடந்த இஞ்சினைப் பார்க்கப் போனேன். அளவுக் குச்சியை உருவிப் பார்த்ததில் எண்ணெய் கறுப்பாய், சுத்தமாயிருந்தது. ஏர் கிளீனர் உயரத்திலிருந்தபடியால் நனையவில்லை. பயமில்லை, ஓட்டலாம் என்று சொல்லிவிட்டேன். எண்ணெயின் நிறத்தைப் பார்த்தேனேயன்றி, அது குறிக்கு மேல் இரண்டு விரற்கடை ஏறியிருந்ததைக் கவனிக்கவில்லை. எண்ணெய் நீரைவிட இலேசானது. நின்ற இஞ்சினில் நீர் அடியில் தங்க, எண்ணெய் அதன்மேல் மிதக்கும். குச்சியில் முதலில் ஒட்டுவது மேலேயுள்ள நல்லெண்ணெய். ஆயில் பம்போ தொட்டியின் அடியிலிருந்து உறிஞ்சுவது. பேரிங்குகளுக்கு எண்ணெய்க்குப் பதிலாக வெறுந்தண்ணீர் சென்று, கால் மணி நேரத்தில் பெரிய பேரிங் கடித்துக்கொண்டது. அந்தக் குடியானவர் என்னை ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை; இளநீர் வெட்டிக் கொடுத்தார். அது முதல் நான் குச்சியை நம்புவதில்லை.

குச்சியில் மட்டத்தை மாத்திரம் பார்த்துக்கொண்டு, பிறகு தொட்டியின் அடியிலுள்ள வடிதிருகை முழுவதும் கழற்றாமல் மெள்ளத் தளர்த்தி, ஒழுகுவதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். முதலில் தெளிந்த அல்லது கலங்கிய தண்ணீரும் அதன்பின் எண்ணெயும் தனித்தனியே வருமானால், மூழ்கிய பிறகு இஞ்சின் சுழலவில்லை என்று நிச்சயிக்கலாம். பால் கலந்த காப்பியைப் போன்ற குழம்பு வருமானால் நீரோடு அது ஓடியிருக்கிறது, அல்லது ஓட்டப்பட்டிருக்கிறது. ஒன்று மட்டும் ஞாபகத்திலிருக்கவேண்டும்: ஹெட் கேஸ்கட் ஏற்கெனவே பழுதாயிருந்தால் குளிர்விக்கும் தண்ணீரே எண்ணெயில் கலந்து இதே நிறத்தைக் கொடுக்கும். வெள்ளத்திற்கு முன்பே குளிர்நீர் காரணமின்றிக் குறைந்து வந்ததா என்று விசாரித்தால் இது தெரிந்துவிடும்.

இனி ஸிலிண்டரிலுள்ள நீரை வெளியேற்றுதல். டீஸல் இஞ்சினாயின் இன்ஜெக்டரையும், பெட்ரோல் இஞ்சினாயின் ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பிளைவீலைக் கையால் மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். நீர் அத்துவாரத்தின் வழியே பீறிடுமாதலால் முகத்தை எதிரே வைத்துக்கொண்டிருக்கலாகாது. டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன், தாராளமாகச் சுற்றுகிறது, ஆகவே உள்ளே நீரில்லை என்று சிலர் வாதிப்பதுண்டு. அந்த லீவர் செய்வது வால்வைச் சற்றே தூக்கிப் பிடிப்பதாகும். உள்ளிருக்கும் நீர் அந்த இடைவெளி வழியே ஒதுங்கிக் கொடுப்பதால் தடை தெரிவதில்லை. வேகங்கொடுத்து லீவரைக் கீழே விட்ட கணமே அடைபட்ட நீர் தன் வேலையைக் காட்டும். ஆகையால் லீவரை நம்பாமல் இன்ஜெக்டரைக் கழற்றியே தீரவேண்டும்.

சக்கரம் அசையவேயில்லையென்றால் ரிங்குகள் துருவினால் ஸிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருக்கலாம். டீஸலும் எண்ணெயும் சமபாகங் கலந்து துவாரத்தின் வழியே ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாய் ஆட்டிப் பார்க்கவேண்டும். இரண்டு மூன்று நாள் ஆகலாம். நீண்ட கடப்பாரை போட்டு நெம்புவதும், டிராக்டராயின் கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுப்பதும் கூடாது.

ராடு வளைந்திருக்கிறதா என்று காண்பதே இச்சோதனையில் முக்கியமான பாகம். பலத்த வளைவானால் தட்டும் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். ஆபத்தானது சிறு வளைவு. இஞ்சின் கிளம்பும், சற்றே புகை கக்கும், சக்தி கொஞ்சம் குறைந்தாற்போலிருக்கும், வெள்ளத்தில் நனைந்ததல்லவா, போகப்போகச் சரியாகிவிடும் என்று நாமும் ஓட்டுவோம். நான் பார்த்த ஓர் இஞ்சின் அப்படிப் பதினோரு நாள் நீர் இறைத்தது. பன்னிரண்டாம் நாள் ராடு ஒடிந்து, கிராங்க் பெட்டியின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அருகில் ஆளில்லாதது தெய்வாதீனம். ராடு ஒன்றை மாற்றுவதோடு முடிந்திருக்கவேண்டிய செலவு, புது இஞ்சின் வாங்குவதில் போய் நின்றது.

ராடு வளைந்தால் அதன் நீளம் குறையும். நீளம் குறைந்தால் பிஸ்டன் பழைய உயரத்திற்கு ஏறாது. சோதனைகளெல்லாம் இந்த ஒரு விஷயத்தையே பற்றியவை. ஒற்றை ஸிலிண்டர் இஞ்சினில் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனின் தலைமீது மெல்லிய ஈயக் கம்பித் துண்டு ஒன்றைக் கிரீஸ் கொண்டு ஒட்டி, ஹெட்டை மறுபடி முறைப்படி முடுக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றியபின் கம்பியை எடுத்து அதன் கனத்தை அளக்கவேண்டும். தயாரிப்பாளரின் கைப்புத்தகத்தில் கண்ட இடைவெளியைவிடக் கனம் அதிகமாயிருந்தால் ராடு குறுகியிருக்கிறது. ஹெட்டைக் கழற்றியபோதே ஸிலிண்டரின் மேல் விளிம்பையும் விரலால் தடவிப் பார்க்கலாம். பிஸ்டன் ஏறி நிற்கும் எல்லைக்கு மேல் கரி படிந்து ஒரு கோடு இருக்கும். பிஸ்டன் அந்தக் கோட்டை எட்டாமல் கீழேயே நின்றுவிடுமானால் வேறு சாட்சி வேண்டியதில்லை.

நான்கு ஸிலிண்டருள்ள மோட்டார் காரில் இதற்கு ஹெட்டைக்கூடக் கழற்றவேண்டுவதில்லை. பிளக் துவாரம் நேராயிருக்கும் இஞ்சின்களில், ஒரே மூங்கில் குச்சியைத் துவாரங்களில் விட்டு, அந்தந்தப் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது குச்சியில் கோடு கிழித்து ஒப்பிட்டால் போதும். ஒன்றும் நான்கும் சேர்ந்து ஏறும். இரண்டும் மூன்றும் சேர்ந்து ஏறும். நான்கும் ஒரே உயரம் வரவேண்டும். ஒன்று மாத்திரம் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் அந்த ஸிலிண்டரைத் திறந்து பார்க்காமல் வண்டியை ஓட்டலாகாது.

வளைந்த ராடை அழுத்தி நிமிர்த்தித் தருவதாய்ச் சில பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். அதற்கு உடன்படவேண்டாம். ஒரு முறை வளைந்து நிமிர்ந்த இரும்பு நிமிஷத்திற்கு 1500 சுற்றுத் தாங்குமென்று நம்புவதற்கில்லை. புது ராடு போட்டு, அதோடு பெரிய முனையின் பேரிங்கையும் மாற்றி, பிஸ்டனில் விரிசலுண்டா, கிராங்க் ஷாஃப்ட் நேராயிருக்கிறதா என்பவற்றையும் பார்த்துவிடுவது சிலாக்கியம்.

டீஸல் தொட்டியையும் மறக்கலாகாது. நீர் டீஸலுக்கும் அடியில்தான் தங்கும். தொட்டியை முழுவதும் வடித்து, வடிகட்டியை மாற்றி, குழாய்களில் புதிய டீஸல் வரும்வரை காற்றெடுக்கவேண்டும். இன்ஜெக்ஷன் பம்பின் உள்ளே பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்கே. துருவின் ஒரு பொடி அதை இறுகப் பிடித்துவிடும். இதை வரப்பில் உட்கார்ந்து வேட்டித் துணியால் துடைத்துப் பழுது பார்க்க முயலவேண்டாம். நீர் புகுந்திருக்குமென்று தோன்றினால் கழற்றி, டீஸலில் மூழ்கவைத்து, அப்படியே பம்ப் பட்டறைக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

கடலோரக் கிராமங்களில் உப்பு நீர் ஏறியிருந்தால், மேற்சொன்ன யாவற்றிற்கும் முன் நல்ல தண்ணீரால் இஞ்சினின் வெளிப்புறத்தையும், திறந்து பார்க்கும் பாகங்களையும் கழுவவேண்டும். நனைந்ததை மேலும் நனைப்பதா என்று கேட்பார்கள். உப்பை அகற்றாமல் உலர்த்தினால் துரு நிற்காது.

மோட்டார் கார் விஷயத்தில் ஒன்றிரண்டு விசேஷங்களுண்டு. எதைத் தொடுமுன்னும் பாட்டரியின் இணைப்பைக் கழற்றவேண்டும். பழைய வண்டிகளைப் போலன்றி இக்காலத்து வண்டிகளில் மின்சாரக் கருவிகள் அதிகம். டீஸல் காரின் இன்ஜெக்டர்களோ மிக உயர்ந்த அழுத்தத்தில் வேலை செய்பவை. அவற்றைத் தேர்ந்த பட்டறையிலன்றி வேறெங்கும் கழற்றக்கூடாது. வண்டியைத் தள்ளியோ, கியரில் போட்டு இழுத்தோ கிளப்பிப் பார்ப்பது, சாவியைத் திருப்புவதைப் போலவே ராடை வளைக்கும். முழு இன்ஷ்யூரன்ஸில் வெள்ளச் சேதம் சேர்ந்திருந்தபோதிலும், நீர் புகுந்தபின் ஓட்ட முயன்றதால் இஞ்சினுக்குள் நேர்ந்த சேதத்தைப் பின்விளைவு என்று கூறிக் கம்பெனிகள் மறுப்பதுண்டு. இதற்கென்று தனிச் சந்தா கட்டி இஞ்சின் பாதுகாப்பைச் சேர்த்திருந்தாலன்றி வாதாடுவது கஷ்டம். ஆகையால் வண்டியானாலும் கிணற்று இஞ்சினானாலும், துடைப்பதற்கு முன் அதன்மேல் நீர்க்கோடு தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். கிராமாதிகாரிகள் சேதக் கணக்கு எடுக்க வரும்போதும் அதுவே உதவும். அவ்வதிகாரிகளுக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம், நீர் வடிகிற அன்றே கோயில் ஒலிபெருக்கி மூலமாவது இஞ்சினை யாரும் கிளப்பவேண்டாம் என்று ஊராருக்கு அறிவிக்கவேண்டுமென்பது. மின்சார மோட்டார் வைத்திருப்பவர்களும் அதை உலர்த்தி, காப்புச் சோதனை செய்விக்காமல் ஸ்விச்சைத் தொடலாகாது.

எல்லாம் சரியென்று கண்டபின், ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து, ஆயில் பில்டரை மாற்றி, புதிய எண்ணெய் ஊற்றி, பளுவில்லாமல் ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்தி, அந்த எண்ணெயைச் சூட்டோடு வடித்துவிடவேண்டும். அதில் வெண்மை தெரிந்தால் மறுபடியும் ஒரு முறை. சிலருக்கு மூன்று முறைகூட ஆயிற்று. எண்ணெய் விலையைக் கணக்கிட்டுத் தயங்குகிறவர்கள் பேரிங்கின் விலையையும் விசாரித்துக்கொள்ளட்டும். நிறம் மாறாத எண்ணெய் வந்தபின் பம்பை இணைக்கலாம்.

மெக்கானிக் உடனே கிடைக்கமாட்டான். வெள்ளக் காலத்தில் சுற்றுப்புறக் கிராமங்கள் யாவும் அவனையே தேடும். காத்திருக்க நேர்ந்தால் நீரை வடித்தபின் ஸிலிண்டரில் இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றி, இன்ஜெக்டர் துவாரத்தைச் சுத்தமான துணியால் அடைத்து, தினம் காலையில் சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்றும் அதன்மேல் கால் சுற்றும் சுற்றி, பிஸ்டனை வேறிடத்தில் நிறுத்தி வைக்கவேண்டும். ஸ்ரீவைகுண்டத்தை யடுத்த ஒரு கிராமத்தில் மூதாட்டி ஒருவர், மகன் வெளியூரிலிருந்தபடியால், சொன்னபடியே பத்தொன்பது நாள் இதைச் செய்து வந்தார். இருபதாம் நாள் மெக்கானிக் வந்து இன்ஜெக்டரைப் பூட்டினான். எண்ணெய் மாற்றிய பிறகு இரண்டாம் சுழற்சியில் இஞ்சின் கிளம்பியது.