அண்ணத்தில் எலும்புப் புடைப்பு: சீவ வேண்டுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. மேல் அண்ணத்தின் நடுவில் கல்லாட்டம் ஒரு மேடு இருக்கிறது. வலி இல்லாததால் பல வருடமாகக் கண்டுகொள்ளவில்லை. மேல் வரிசையில் சில பற்களே மிச்சம். பல் செட் கட்டப் போனால், 'அந்த எலும்பைச் சீவ வேண்டும்' என்கிறார் டாக்டர். புற்றுநோயோ என்று பயமாக இருக்கிறது. எலும்பு மெலிவுக்கு ஆண்டுக்கொரு முறை நரம்பில் ஊசி ஏற்றிக்கொள்கிறேன்.
- வாசகி, ஹவுரா

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 'டோரஸ்' எனப்படும் எலும்புப் புடைப்பாகத்தான் தெரிகிறது. இது புற்றுநோயாக மாறாது. அண்ணத்தில் வருவது பெண்களுக்கே அதிகம். சிலருக்குக் கீழ்த்தாடையின் உட்புறம், நாக்கின் இரு பக்கமும் வரும். பரம்பரையும், தூக்கத்தில் பல்லைக் கடிப்பதும் காரணமாகலாம்.

டோரஸ் கடினமாக, அசையாமல் இருக்கும். மிக மெதுவாக வளரும். மெத்தென்ற கட்டி, வேகமான வளர்ச்சி, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மரத்துப்போதல், ரத்தக்கசிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள். ஜர்தா, கைனி போன்ற புகையிலை போடுபவர்கள் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. தாடையில் பல இடங்களில் எலும்புக்கட்டிகள் இருந்து, குடும்பத்தில் குடல் பாலிப்பும் இருந்தால் 'கார்ட்னர் சிண்ட்ரோம்' பரிசோதனை தேவை.

தொந்தரவு தராத டோரஸுக்குச் சிகிச்சையே வேண்டாம். செட் உட்காராவிட்டாலோ, உணவு உரசி அடிக்கடி புண்ணானாலோதான் சீவுவார்கள்.

உங்கள் விஷயத்தில் முக்கியமானது அந்த ஊசி. ஆண்டுக்கொரு முறை ஏற்றுவது பெரும்பாலும் ஜொலெட்ரானிக் அமிலமாக இருக்கும். அதைப் போட்டுக்கொள்பவர்களில் சிலருக்குத் தாடை எலும்பை வெட்டினால் காயம் ஆறாமல், எலும்பு வெளியே தெரிந்து செத்துப்போகும். அபாயம் குறைவுதான், வந்துவிட்டால் குணமாக்குவது கடினம். ஆகவே ஊசியின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி இரண்டையும் எழுதிக் கொடுங்கள். பல் டாக்டரும் ஊசி போடும் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள்.

மிச்சமுள்ள பற்கள் உறுதியாக இருந்தால், அவற்றைப் பிடிமானமாக்கி, மேட்டைத் தொடாமல் லாட வடிவில் செட் செய்யலாம். டோரஸின் மேல்தோல் மெல்லியது. செட் அழுத்திப் புண்ணாக்காதபடி அளவு சரியாக வேண்டும்.

இன்னொரு கருத்துக் கேட்க, கொல்கத்தா மௌலாலியில் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1920-இல் தொடங்கிய, இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அது. சீவாமல் செட் கட்ட முடியுமா என்று அங்கே முதலில் கேளுங்கள்.