நண்பர் தந்த குளிசை

கேள்வி: எனக்கு 54 வயது. சலரோகமும் நெஞ்சு நோவும் உண்டு. சில மாதங்களாக விறைப்புக் குறைவு. நண்பர் ஒருவர் வயாகரா குளிசை தந்தார். போடலாமா?
– வாசகர், நெடுந்தீவு

பதில்: போட வேண்டாம், ஐயா. நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையும், ஐசோசோர்பைட்டும் நைட்ரேட் வகை. வயாகராவிலுள்ள சில்டெனாஃபில் அவற்றோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் சடுதியாக விழும், உயிரே போகலாம். அதைப் போட்டவர் 24 மணித்தியாலத்துக்கும், அதே வகை மருந்தான தடாலாஃபில் போட்டவர் 48 மணித்தியாலத்துக்கும் நைட்ரேட் பக்கமே போகக்கூடாது. இடையில் நெஞ்சு நொந்தால், போட்டதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். குறிகட்டுவானுக்குப் படகிலேயே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போகும் தீவில் இதை மறைப்பது பேராபத்து.

விறைப்பு 4 மணித்தியாலம் தாண்டினாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இன்னொன்று: சலரோகம் நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுப்பதாலேயே பலருக்கு இந்தக் குறை வருகிறது. சிலருக்கு இது இருதய நோயின் முன்னறிவிப்பு. வெட்கத்தை விடுங்கள். அடுத்த கிளினிக்குக்கு வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும், நண்பர் தந்ததையும், ஒரே பையில் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.