வீடு யார் பெயரில்?



கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: “குடிசை மாற்று வாரியம்னா மெட்ராஸ்காரங்களுக்குத்தானே? நம்ம திருவட்டாறுக்கு என்ன கிடைக்கும்?” இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

சென்னைக் குடிசைப் பகுதி மக்களுக்காக 1970-ல் இந்த வாரியம் தொடங்கப்பட்டது. பிறகு மற்ற ஊர்களுக்கும் விரிந்தது. 2021-ல் ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று பெயர் மாறியது. அடுக்குமாடி வீடு கட்டி ஒதுக்குவது ஒரு வேலை. சொந்த இடத்தில் நாமே வீடு கட்ட மானியம் தருவது இன்னொரு வேலை.

சென்னையில் கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் இருந்த குடும்பங்களை 2000 முதல் கண்ணகி நகருக்கு மாற்றினார்கள். நல்ல கூரை கிடைத்தது. ஆனால் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பலருக்குப் பிழைப்பு தூரமாகிப் போனது. வீடு மட்டும் போதாது, பிழைப்பும் பக்கத்தில் வேண்டும் என்பது அதில் கற்ற பாடம்.

திருவட்டாறு பேரூராட்சி. அதனால் நமக்கு நகர்ப்புறத் திட்டம்தான். ஊராட்சிப் பகுதி உறுப்பினர்கள் கிராமத் திட்டத்துக்கு ஒன்றிய அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

2015-ல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், சொந்த இடத்தில் கட்ட மத்திய அரசு 1.50 லட்சம், மாநில அரசு 60 ஆயிரம், ஆக 2.10 லட்சம் ரூபாய் மானியம் தரப்பட்டது. 2024-ல் இதன் இரண்டாம் கட்டம் தொடங்கியது. இப்போதைய தொகையைப் பேரூராட்சி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். இடைத்தரகரிடம் போகாதீர்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை:

1. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் எங்கும் சொந்தக் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது.

2. இடத்துக்குப் பட்டா வேண்டும். தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

3. வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ இருக்க வேண்டும். இது நமக்குத் திட்ட விதி தந்த பலம். “ஆம்பளை பேர்ல இருந்தாப் போதும்” என்று விட்டுவிடாதீர்கள்.

4. மானியம் வேலை நடக்க நடக்கத் தவணையாகத்தான் வங்கிக் கணக்குக்கு வரும். அஸ்திவாரம் போடக் கையில் காசு வேண்டும். அதற்காகக் கந்துவட்டிக்குப் போனால் வீடு வரும் முன்னே கடன் வந்துவிடும். குழுச் சேமிப்பையும் உள்கடனையும் இப்போதே திட்டமிடுங்கள்.

குழுவில் பேசுங்கள்: நம்மில் எத்தனை பேர் வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்கு அதன் நகலைக் கொண்டு வருவோமா?