கழற்றி மாட்டக்கூடிய கம்ப்யூட்டர்: டெல்டாவுக்கு ஒரு கணக்கு

தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ மேசைக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர் விலையைக் கேட்குமுன், பழுதானால் யார், எங்கே, எத்தனை நாளில் சரிசெய்வார் என்று கேட்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின் டெல்டாவின் பல கிராமங்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. புயல் இல்லாத ஆண்டிலும் மின்னழுத்தம் ஏறி இறங்கும், ஐப்பசியில் இடி விழும். அப்போது முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் அதை மட்டும் கழற்றி, உள்ளூர்க் கடையில் கிடைக்கும் வேறொன்றை மாட்டிவிடலாம். 1981இல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரின் அமைப்பை வெளிப்படையாக வைத்ததால் வந்த வசதி இது: ஒரு நிறுவனத்தின் போர்டில் இன்னொரு நிறுவனத்தின் ரேம் பொருந்துகிறது. ஆப்பிள் எதிர்த்திசையில் போனது. 2020இல் வந்த எம்1 மேக்குகளில் ரேமும் ப்ராசஸரும் ஒரே பொதி. எட்டு ஜிபி வாங்கினால் கடைசிவரை எட்டு ஜிபிதான்.

வேலையைத் தீர்மானித்துவிட்டுப் பாகங்களைத் தேர்ந்தெடுங்கள். இ-சேவை மையம், டிடிபி, கல்லூரிப் படிப்பு ஆகியவற்றுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். கிராஃபிக்ஸ் உள்ளடங்கிய ப்ராசஸர் போதும். இன்டெலில் பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால் அந்த வசதி இருக்காது, விலை குறைவு என்று ஏமாற வேண்டாம். ப்ராசஸரின் சாக்கெட்டுக்கு ஏற்ற மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி என்று பட்டியல் போடுங்கள். காசை மிச்சப்படுத்தக் கூடாத இடம் எஸ்.எம்.பி.எஸ், கேபினட்டோடு இலவசமாக வருவதை ஒதுக்கிவிட்டு, 80 ப்ளஸ் சான்று பெற்றதை வாங்குங்கள். யூ.பி.எஸ்ஸும் சரியான எர்த்தும் இதே செலவில் சேர்ந்தவை. எர்த் இல்லாத வீட்டில் எந்த பிராண்டும் நிலைக்காது.

மாட்டும்போது அவசரம் கூடாது. நிலைமின்சாரம் போக, பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள் (நம் ஊர் ஈரக்காற்றில் அந்தத் தொல்லை கொஞ்சம் குறைவுதான்). மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பார்த்து ப்ராசஸரை அழுத்தாமல் இறக்குங்கள். பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வைத்து ஃபேனைப் பொருத்துங்கள்; பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருந்தால் மேலும் வேண்டாம். ரேமை 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள். 24 பின் கேபிளோடு ப்ராசஸருக்கான தனி கேபிளையும் செருக வேண்டும். புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். மானிட்டரை இணைத்து, பயாஸ் திரை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தபின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு கேபினட்டில் ஏற்றுங்கள். போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் ஸ்டாண்ட்ஆஃப் இருக்கட்டும், மிகுதியான ஒன்று அடியில் பட்டால் ஷார்ட் ஆகும். பிறகு பென் டிரைவிலிருந்து விண்டோஸோ உபுண்டுவோ நிறுவலாம். இரண்டிலும் தமிழ்99 விசைப்பலகை உண்டு.

அசெம்பிள் செய்வதற்கு மறுப்புகள் இல்லாமலில்லை. பிராண்டு கம்ப்யூட்டரை முழுப் பெட்டியாக வாங்கினால் வாரண்டி கேட்க ஒரே கதவு. அசெம்பிள் செய்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கதவு. உண்மைதான். ஆனால் அந்த ஒரே கதவு திருச்சியிலோ சென்னையிலோ இருந்தால், வேலை நிற்கும் நாள்களையும் விலையில் சேர்க்க வேண்டும். ஆப்பிளின் மேக் மினி மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும், சத்தமும் போடாது என்பதும் சரி. இன்வெர்ட்டரை நம்பி வேலை செய்பவருக்கு அது சிறிய லாபமல்ல. வீடியோ எடிட்டிங்கைத் தொழிலாகக் கொண்டு, கெட்டால் மாற்று இயந்திரத்துக்கும் வசதி உள்ளவர் தாராளமாக வாங்கலாம். தூக்கிக்கொண்டு அலைபவருக்கு லேப்டாப்தான் வழி. ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றக்கூடிய மாடலாகக் கேளுங்கள். பிழைப்பே ஒரே கம்ப்யூட்டரில் ஓடுகிறவருக்கு என் தீர்ப்பு அசெம்பிள்தான்.

பராமரிப்பு சிறிய வேலை. கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். சம்பா அறுவடைத் தூசி அடங்கியதும் ஃபேன்களைத் துடையுங்கள். இடி தொடங்குமுன்பே மின் ப்ளக்கோடு நெட் கேபிளையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள். கடையில் ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். "மொத்தமாக ஒரு சிஸ்டம்" என்று எழுதித் தரும் பில்லை வைத்துக்கொண்டு வாரண்டி கேட்டுப் போராட வேண்டியிருக்கும்.