இரவுத் தங்கலில் என்ன விளையாடலாம்?

படிப்பு இடையில் நின்றுபோகும் நிலையிலுள்ள பெண் குழந்தைகளைத் தங்கவைத்துப் படிக்கச் செய்யும் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா திட்டம் 2004இல் தொடங்கியது. இப்படிப்பட்ட விடுதிகளில் பகல் பொழுதை அட்டவணை பார்த்துக்கொள்ளும். இரவுச் சாப்பாட்டுக்கும் விளக்கணைப்பதற்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரம்தான் கடினம். வீட்டு நினைப்பு வருவதும், மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவதாகச் சொல்வதும் அப்போதுதான். வேப்பந்தட்டைப் பக்கம் 11 முதல் 13 வயது மாணவிகளுடன் இரவு தங்கியபோது அந்த நேரத்துக்குக் கைகொடுத்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

இது இரண்டுங்கெட்டான் வயது. கண்ணாமூச்சி என்றால், “நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா டீச்சர்?” என்பார்கள். பெரியவர்களின் கேலியும் கிசுகிசுவும் இவர்களுக்கு ஆகாது. இடையில் எதைக் கொடுப்பது?

பி.எட். பாடத்தில் நாம் படித்த பியாஜே, கோலி விளையாடும் சிறுவர்களைக் கவனித்து 1932இல் ஒரு நூல் எழுதினார். 11, 12 வயதையொட்டி, விதிகளை வகுப்பதிலேயே குழந்தைகளுக்குத் தனி ஆர்வம் பிறக்கிறது என்பது அவர் கண்டது. பல்லாங்குழியில் இதை நேரில் பார்க்கலாம். பலகை தேவையில்லை, தரையில் சுண்ணக்கட்டியால் ஏழேழாக 14 வட்டங்கள், கொஞ்சம் புளியங்கொட்டை. (பருத்தி விளையும் ஊராயிற்றே என்று பருத்திக்கொட்டையை எடுத்துவருவார்கள். பஞ்சு ஒட்டி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், சரிப்படாது.)

குழிக்கு ஐந்து காய் என்றால் 70, ஆறு என்றால் 84. ஊருக்கு ஊர் கணக்கு வேறு. நான்கு காய் சேர்ந்தால் ‘பசு’. அதை எடுப்பது குழிக்கு உரியவளா, ஆடுபவளா? நான் தீர்ப்புச் சொல்வதில்லை. விதிகளைத் தாளில் எழுதி, எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகே ஆட்டம் என்பேன். வந்து நான்கு நாளாக வாய் திறக்காத ஒரு மாணவி, “எங்க அப்பாயி வீட்ல அஞ்சுதான்” என்று முதன்முதலாகப் பேசியது அந்த வாதத்தில்தான். ஆட்டத்தைவிட வாதமே நீண்டது. இருக்கட்டும்.

தாயமும் இதே வகையில் நன்று. ஆனால் தாயம் விழாமல் நெடுநேரம் காத்திருப்பவள் சோர்ந்துவிடுவாள். இருவர் இருவராக அணி சேர்த்துவிடுங்கள்.

தோற்றவரை வெளியே உட்காரவைக்கும் ஆட்டங்களை இரவில் நான் வைப்பதில்லை. முதலில் வெளியேறுபவள் பெரும்பாலும் ஏற்கெனவே தனித்திருப்பவளே. ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியடித்து உட்காரும் ஆட்டங்களும் வேண்டாம். உடல் மாறிவரும் வயதில் கூச்சம் இயல்பு. ஓடும் ஆட்டம் என்றால் மதிப்பெண் குறிக்கும் வேலையைக் கேட்பவளுக்குக் கொடுத்துவிடுங்கள், காரணம் விசாரிக்க வேண்டாம்.

‘உண்மையா, சவாலா’ விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். முற்றிலும் தடுத்தால் போர்வைக்குள் நடக்கும். அதனால் சீட்டுகளை நானே எழுதுகிறேன்: பிடித்த தின்பண்டம், மறக்கமுடியாத திருவிழா, ஒற்றைக் காலில் வாய்ப்பாடு. யார் வேண்டுமானாலும் ‘வேண்டாம்’ என்று சீட்டைத் திருப்பி வைக்கலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் நான் அவர்கள் விவாதத்துக்கு விடுவதில்லை.

பேய்க்கதை கூடாது, பிறகு கழிவறைக்குத் தனியே போகமாட்டார்கள். கடைசிப் பத்து நிமிடம் பாயில் படுத்தபடியே விடுகதை. விடை தெரியாததை மறுநாள் காலைக்கு மிச்சம் வையுங்கள்.