தகவலைப் பற்றிய தகவல்

நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடும்போது நாம் முதலில் பார்ப்பது புத்தகத்தை அன்று. அதன் பெயர், ஆசிரியர், வகை எண் முதலியவற்றைத் தாங்கிய குறிப்பையே. சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து எண்ணிடும் கோலன் பகுப்பு முறையை 1933-ல் வெளியிட்டார். கணினி உலகில் இத்தகைய குறிப்புக்கு மீத்தரவு என்று பெயர்.

இணையத்தில் கட்டுரை வெளியிட உதவும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் 2003-ல் பிறந்தது. 2016 டிசம்பரில் வந்த 4.7-ஆம் பதிப்பு முதல், கட்டுரைகளைப் பிற செயலிகள் கேட்டுப் பெறுவதற்கு ரெஸ்ட் ஏபிஐ என்னும் வாயில் அதனுடன் சேர்ந்தே வருகிறது. தலைப்பும் உரையும் நாளும் தாமாகவே வெளியே வரும். நாம் கூடுதலாகச் சேர்த்த குறிப்புகளோ, முறைப்படி பதிவு செய்து, ‘ஷோ இன் ரெஸ்ட்’ என்ற இடத்தில் ‘ஆம்’ என்று கூறினால்தான் வரும். சொல்லாவிட்டால் ‘இல்லை’ என்றே பொருள்.

விழுப்புரம் மாவட்டத்துக் குடைவரைகளைப் பற்றி எழுதத் தொடங்கியபோதுதான் இதன் அருமை எங்களுக்குப் புரிந்தது. திண்டிவனம் பக்கத்துக் கீழ்மாவிலங்கையில் இருப்பது திருமால் மட்டுமே. ஆகவே ‘தெய்வம்’ என்ற குறிப்புக்கு ஒரே மதிப்பு போதும் என்று எண்ணினோம். அடுத்தது மண்டகப்பட்டு! செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிப் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் எடுத்த கோயில் என்று மகேந்திரவர்மனின் கல்வெட்டே அங்கு கூறுகிறது. மூவரையும் ஒரே கட்டத்தில் திணிக்கலாமா? அப்படிச் செய்தால் திருமால் கோயில்களை மட்டும் பிரித்தெடுக்க நினைப்பவர் திண்டாடுவார். எனவே ‘சிங்கிள்’ என்பதை ‘இல்லை’ என மாற்றினோம். மதிப்புகள் பட்டியலாக வந்தன. ‘நூற்றாண்டு’ என்பதை முழு எண் வகையாக அறிவித்தோம். அதன் பின் வாயில் வழியே 7 என்று அனுப்பினால் ஏற்கும். ‘ஏழாம்’ என்று அனுப்பினால் திருப்பி விடும். (கண்டிப்பான கணக்கு ஆசிரியை போல!)

ஒன்றில் மட்டும் நாங்கள் ஏமாறவிருந்தோம். வழிகாட்டிய கிராமத்துப் பெரியவரின் தொலைபேசி எண்ணையும் ஒரு குறிப்பாகச் சேர்த்திருந்தோம். ‘ஆத் கால்பேக்’ என்னும் அனுமதிச் சோதனையை வைத்துவிட்டால் அது பத்திரமாக இருக்கும் என்று நம்பினோம். அந்தச் சோதனை, குறிப்பை யார் திருத்தலாம் என்பதை மட்டுமே கவனிக்கும். யார் படிக்கலாம் என்பதை அன்று. வாயிலில் காட்டச் சொன்ன குறிப்பை, வெளியான கட்டுரையைப் படிக்கக்கூடிய எவரும் படித்துவிடலாம். பெயரின் முன் அடிக்கோடு இட்டாலும் இதே கதைதான். நம்மை நம்பி எண் தந்தவருக்கு இரவு பகலாக அந்நியர் அழைப்பு வந்தால் என்ன பதில் கூறுவோம்?

அந்தக் குறிப்பைக் கணினியிலிருந்தே நீக்கினோம். எண் இப்போது எங்கள் களப்பயண நோட்டில் மட்டுமே இருக்கிறது.